தொட்டால் தெரிய வேண்டும்

"உயிர் தப்பினது காணாதோ, ரெஜி? இனி அதுக்கு உணர்ச்சியும் வேணுமோ?"

இப்படிக் கேட்டவர் என் மச்சாள் ஜெசிந்தா, என் கணவர் கிறிஸ்டியின் அக்கா. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். நான் நோயில் விழுந்த நாளிலிருந்து கோழி சூப் காய்ச்சிக் கொண்டுவந்தவர், தான் கட்டிவந்த சீட்டை எடுத்து ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தந்தவர். அவரோடு சண்டை பிடிக்க எனக்கு வாயில்லை. அதற்காகப் பதில் சொல்லாமல் இருக்கிற ஆளும் நானில்லை.

"ஓம் மச்சாள், வேணும்" என்றேன்.

அந்த "வேணும்" என்ற சொல்லுக்காக நான் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன். மார்பகப் புற்றுநோயைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். மார்பை எடுத்த இடத்தில் புதிதாக ஒன்றைக் கட்டலாம் என்பதும் இப்போது பலருக்குத் தெரியும். கட்டிய பிறகு அந்த இடம் மரத்துப்போய்க் கிடக்கும், கிள்ளினாலும் தெரியாது என்பதை மட்டும் ஏனோ யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

துறைமுகத்தில் சரக்கு விடுவித்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். சுங்கத்தில் ஒரு கோப்பு நகராவிட்டால் அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நிற்பதுதான் என் தொழில். கோபப்படக் கூடாது, கெஞ்சக் கூடாது, போய்விடவும் கூடாது. நிற்க வேண்டும். இந்த நோயிலும் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

வலது மார்பில் கட்டி தட்டுப்பட்டது குளிக்கும்போது. சவர்க்காரம் போட்ட கைக்கு அடியில் கடலைப் பருப்பளவில் ஏதோ உருண்டது. பிறகு ஸ்கேன், மார்பைத் தட்டுக்குள் நசுக்கி எடுக்கும் எக்ஸ்ரே, ஊசியால் துளி சதையை எடுத்துப் பார்க்கும் சோதனை என்று அலைந்தோம். முடிவு சொல்லும் நாளில் டொக்டர் கோப்பைத் திறக்கும் முன்பே, "உங்களோட ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நல்ல செய்திக்குத் துணை தேவையில்லை.

கிறிஸ்டி பாடசாலை வான் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பகல் ஏற்றப் போகும் வரைக்குமான நேரம் முழுவதும் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டிக் கதிரைகளில்தான் கழிந்தது. கீமோ என்று நரம்பில் ஏற்றும் மருந்து, முடி கொட்டியது, வாய் புண்ணாகியது. பிறகு மார்பை முழுதாக எடுத்தார்கள், கதிர்ச் சிகிச்சையும் கொடுத்தார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பது மகரகமையில். எங்கள் பக்கத்தில் "மகரகமைக்குப் போறா" என்று சொன்னால் கேட்கிறவர் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்வார். அந்தத் தாழ்ந்த குரல்களுக்கு நடுவே ஒரு வருசத்துக்கு மேல் நடமாடினேன். எரிச்சலாக இருந்தது. செத்த வீட்டுக் குரலை எனக்கு முன்னால் பாவிக்க வேண்டாம் என்று இரண்டொருவருக்கு நேரே சொல்லியும் விட்டேன்.

வலப்பக்கம் தட்டையாகக் கிடந்த அந்தக் காலத்தில் பிறாவுக்குள் துணியுருண்டை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பஸ்ஸில் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தால் உருண்டை தோளை நோக்கி ஏறும். ஒருநாள் அலுவலகத்தில் அது கழுத்துப்பக்கம் எட்டிப் பார்த்தது. மேலாளர் ஜன்னலைப் பார்த்துக் கதைத்தார். அன்று வீட்டுக்கு வந்து சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு பிளாஸ்டிக் சேர்ஜன் ஒருவரிடம் நாள் எடுத்தேன்.

அவர் இளம் சிங்கள டொக்டர். நல்ல தமிழ், நடுநடுவே ஆங்கிலம். அடிவயிற்றிலிருந்து தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்து, நெஞ்சில் வைத்து, அங்குள்ள குழாயோடு பூதக்கண்ணாடிக்கு அடியில் தைப்பது பற்றிப் படம் கீறிக் காட்டினார். உங்கள் சொந்தச் சதைதான், பார்க்க இயற்கையாக இருக்கும் என்றார். நல்லது என்று எழும்பப் போனவள், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"தொட்டால் எனக்குத் தெரியுந்தானே, டொக்டர்?"

பேனையை மூடினார். "அநேகமா இல்ல. ஓரங்களில கொஞ்சம் வரலாம். மார்பை எடுக்கேக்கையே நேர்வ் எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும்."

"அப்ப அது எனக்கோ, பாக்கிறவைக்கோ?"

அவர் சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வேலையில் கொள்கலன் ஒன்று யார்டில் வந்து இறங்கிக் கிடக்கும். சரக்கை எடுத்துப்போக அனுமதிக்கும் டெலிவரி ஓடர் கையில் கிடைக்கும்வரை அது நம்முடையது ஆகாது, தூரத்தில் நின்று பார்க்கத்தான் முடியும். அதை அவருக்குச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். வயிற்றுச் சதையோடு அதற்குரிய உணர்வு நரம்பையும் சேர்த்தே எடுத்து, விலா எலும்புகளுக்கு இடையில் வரும் நரம்பொன்றின் முனையோடு இணைத்துவிடலாம். சத்திரசிகிச்சை இன்னும் நீளும். கதிர் பட்ட இடம் என்பதால் பலன் நிச்சயமில்லை. இணைத்தாலும் உடனே ஒன்றும் தெரியாது, நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

"பொறுப்பன். செய்யுங்கோ" என்றேன்.

"வராமலும் போகலாம்."

"அதையும் நானே அறிஞ்சுகொள்ளுறன்."

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. செபமாலையைத் தொடங்கித் தொடங்கிப் பாதியில் மறந்தேன். சாகப் பயமில்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒருதரம் தப்பினவளுக்கு இன்னும் கூடப் பயம். சேர்ஜன் வெட்டும் இடங்களைப் பேனையால் கீறிவிட்டுப் போன பிறகு, கிறிஸ்டி என் கால்பெருவிரலைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் அந்தக் கோடியில் இருந்தார். ஏனென்று கேட்டால், "மற்ற இடமெல்லாம் டொக்டருக்கு எண்டு மார்க் பண்ணிக் கிடக்கு" என்றார்.

கண் விழித்தபோது இடுப்பை மடக்கி, பாதி இருந்தபடி கிடந்தேன். வயிறு இழுத்துத் தைத்திருந்ததால் நிமிர முடியாது. இரண்டு பக்கமும் ஊனீர் வடியக் குழாய்கள். குளிர் பட்டால் புதிய இரத்தக் குழாய் சுருங்கிவிடும் என்று காற்றாடி, ஏசி ஒன்றும் போடவில்லை. கொழும்பு வெக்கையில் போர்வையும் போர்த்தி அவித்தார்கள். மணிக்கொரு தரம் தாதி வந்து புதிய மார்பின் நிறத்தைப் பார்ப்பார், சூடு பார்ப்பார், விரலால் அழுத்திவிட்டுத் திரும்பச் சிவக்கிறதா என்று பார்ப்பார். சின்னக் கருவியொன்றை வைத்தால் உள்ளே இரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். "நல்லா இருக்கு, நோனா" என்பார்.

முதல் தடவை அவர் விரல் அழுந்தியதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் குழிந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. அது என் உடம்பு என்று கண் சொல்கிறது, உடம்பு ஓம் என்று சொல்லவில்லை. இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்துதான் படுத்தேன். தெரிந்திருந்தும் கண்ணீர் வந்தது.

பக்கத்துக் கட்டிலில் ரிஸ்மினா இருந்தாள். வெள்ளவத்தைக்காரி, என்னை விட இளையவள், ஆறு நாள் முந்தி அவளுக்கும் இதே சத்திரசிகிச்சை. அவளுடைய உம்மா கொண்டுவரும் கஞ்சியில் பாதி எனக்குத்தான். நரம்பு இணைத்த கதையை அவளுக்குச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பிடியொண்டு ஈக்கா, அக்கா? எனக்கு ஆரும் செல்லல்லயே."

"நீர் கேக்கேல்லையோ?"

"கேக்கோணும் எண்டே எனக்குத் தெரியாதே."

நானும் எழும்பிப் போகிற போக்கில்தானே கேட்டேன். கேட்காமல் வந்திருந்தால் எனக்கும் இல்லை. சத்திரசிகிச்சை மேசைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது என்று இனி வரப்போகும் ஒருத்திக்காவது தெரியட்டும் என்றுதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து காயம் ஆறியதும் வெள்ளவத்தையில் ஒரு சிகிச்சை நிலையத்துக்குக் கிழமைக்கொரு முறை போகத் தொடங்கினேன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் சின்ன அறை. சிகிச்சையாளர் நிலுஷி, சிங்களப் பெண், தமிழைத் தன் விருப்பப்படி வளைத்துப் பேசுவாள். நரம்பு வளர்ந்து வந்தாலும் அது கொண்டுவரும் செய்தியை மூளை மறந்திருக்கும், திரும்பப் பழக்க வேண்டும் என்றாள். பஞ்சு, துவாய், மென்மையான தூரிகை. முதலில் இடது மார்பில் தடவி அந்த உணர்வைக் கவனிக்க வேண்டும். பிறகு கண்ணால் பார்த்துக்கொண்டே வலதில் அதே மாதிரித் தடவ வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. வீட்டிலும் தினமும் இதே வேலை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, கண்ணாடி முன் பஞ்சோடு நிற்கும் என்னைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். ஒன்றும் தெரியாது. ஆனாலும் தடவுவேன்.

கிறிஸ்டி கட்டிலில் எனக்கு இடப்பக்கமாக மாறிப் படுக்கத் தொடங்கியிருந்தார். நான் கவனிக்கவில்லை என்று நினைத்தார் போலும்.

"ஏன் அங்கால போனனீங்கள்?"

"உமக்கு நோகும் எண்டு."

"அங்க நோகாது. அதுதானே என்ர கரைச்சல்."

அவர் மேல் குற்றமில்லை. எனக்கே அந்நியமாகக் கிடக்கும் இடத்தில் அவர் எப்படிக் கைவைப்பார்? உணர்ச்சி என்றால் படுக்கையறைச் சமாச்சாரம் என்று பலர் நினைத்துவிட்டு, இந்த வயதில் என்ன என்று முகத்தைத் திருப்புகிறார்கள். அதுவும்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உணர்ச்சி உடம்புக்குக் காவல் என்பதை நான் படித்தது பஸ்ஸில்.

கொழும்பு பஸ்ஸில் நின்று போகும் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைப்பையைத் தோளில் தொங்கவிட மாட்டோம். நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொள்வோம். பிரேக் போடும் சாட்டில் வந்து அழுத்தும் முழங்கைகளுக்கு அதுதான் வேலி. உரசுவது முழங்கையா, பக்கத்து ஆளின் குடையா என்று தோலுக்குத் தெரியும், தெரிந்தால் திரும்பி ஒரு பார்வை பார்க்கலாம், குதிக்காலால் மிதிக்கலாம். வலப்பக்கம் எவன் வந்து சாய்ந்தாலும் எனக்கு இனித் தெரியாது என்று ஒருநாள் பஸ்ஸில் நிற்கும்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து பையை வலப்பக்கம் இன்னும் இறுக்கி அணைக்கத் தொடங்கினேன்.

அப்படித்தான் ஒரு பகல். அரைநாள் லீவு போட்டுவிட்டு நிலுஷியிடம் போகும் வழியில், சிகிச்சை முடிந்து சாப்பிடலாம் என்று கடையில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கினேன். அப்போதுதான் வடித்த சோறு, கொதிக்கக் கொதிக்கப் பருப்பு, கோழிக் கறி. லன்ச் சீற் எனும் பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தந்ததைக் கைப்பைக்குள் வைத்து, பையை வழக்கம்போல் வலது நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். காலி வீதியில் வாகன நெரிசல். வெள்ளவத்தை வந்து சேரும்வரை பையைக் கொஞ்சம்கூடத் தளர்த்தவில்லை.

உடையை மாற்றிக்கொண்டு கட்டிலில் படுத்தபோது நிலுஷியின் முகம் மாறியது. "அக்கா, இது என்ன?"

குனிந்து பார்த்தேன். புதிய மார்பின் நடுவில் சிவந்து தடித்து, ஓரிடத்தில் கொப்புளம் நீர் கோத்து நின்றது. சோற்றுப் பார்சல் சுட்டிருக்கிறது. பையைப் பிடித்திருந்த கைக்கு இளஞ்சூடாக, சுகமாகத்தான் இருந்தது. கை இடைக்கிடை விலகியிருக்கிறது, நெஞ்சு விலகவில்லை. விலகு என்று சொல்ல அங்கே ஆளில்லை. எத்தனை பெண்கள் எத்தனை பஸ்ஸில் சூட்டுப் பார்சலை அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள். சுட்டால் பையை நகர்த்துவார்கள், அவ்வளவுதான்.

புண் ஆற நாளெடுத்தது. மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்கு அலைந்தேன், பயிற்சியும் நின்றது. மச்சாள் சூப்போடு வந்து, நான் மேலே எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான். அவர் கேட்டதில் அன்பு இருந்தது. இந்தப் பாட்டை விட்டுவிட்டு நிம்மதியாக இரு என்கிறார். எனக்கோ அந்தக் கொப்புளத்தைப் பார்த்த பிறகு விடுவதற்கு இடமே இல்லை. என் நெஞ்சு வெந்துகொண்டிருக்கும்போது நான் பஸ் ஜன்னலால் துணிக்கடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதை நினைத்தால் ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் சூப்பை விட நன்றாக வேலை செய்தது.

ஆத்திரத்துக்கும் ஒரு கெடுதல் உண்டு. நிலுஷி தடிப்பு வேறுபட்ட நைலோன் நூல்களால் தொட்டுப் பார்ப்பாள். தடித்த நூல் தெரிந்தால் மெல்லியதற்குப் போகலாம். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் "ஓம்" சொல்ல வேண்டும். புண் ஆறி நான் திரும்பப் போன நாளில் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே போனேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். நிலுஷி நிறுத்தினாள்.

"அக்கா, கடைசி மூணு தரம் நான் தொடவே இல்ல. வளையல் மட்டும்தான் ஆட்டினது."

முகம் எரிந்தது. நான் பொய் சொல்லவில்லை, சத்தியமாகத் தெரிந்தது போலத்தான் இருந்தது. அவள் கை கிட்ட வரும்போது வளையல் கிணுங்கியிருக்கிறது, காது அதைப் பிடித்து நெஞ்சில் ஒரு உணர்வைக் கட்டிவிட்டது. ஆசை அவ்வளவு. சரக்கைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கும் ஆட்களை அலுவலகத்தில் ஏசுகிறவள் நான், இங்கே நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

"வளையலைக் கழட்டும்" என்றேன். "காதுக்கும் பஞ்சு தாரும். இடைக்கிடை தொடாமலும் விடும். திரும்ப முதல்ல இருந்து."

"இப்பவா? ஹரி, அக்கா" என்று சிங்களத்தில் சரி சொல்லிச் சிரித்தாள்.

அன்று முதலிலிருந்து கடைசி வரை ஒரு "ஓம்" கூட நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் மனம் மிகவும் சோர்ந்திருந்தது. ஆனால் அது உண்மையான கணக்கு. உண்மையான சைபரிலிருந்து மேலே போகலாம்.

பிறகும் மாதங்கள் போயின. காறை எலும்புக்குக் கீழே, மேல் ஓரத்தில் எறும்பு ஊர்வது போல ஒரு அரிப்பு வந்தது. சொறிந்தால் அடங்காத அரிப்பு. அலுவலகத்தில் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அடித்தது போல வெடுக்கென்று ஒன்று பாயும், நான் துள்ளுவேன், மறுமுனையில் இருப்பவர் பயந்துபோவார். நரம்பு வழி தேடுகிறது என்றாள் நிலுஷி. பிறகு குளிக்கும்போது தலையில் ஊற்றிய தண்ணீர் வலப்பக்க ஓரத்திலும் சில்லென்றது. நூல்களில் தடித்தது ஓரங்களில் தெரியத் தொடங்கியது, காதில் பஞ்சோடு. நடுப்பகுதி மட்டும் சுவராகவே கிடந்தது. எல்லோருக்கும் இப்படி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். கதிர் பட்ட உடம்பு ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. ரிஸ்மினாவுக்கு நரம்பு இணைக்காமலே ஓரத்தில் கொஞ்சம் வந்திருக்கிறது, இப்போது அவளும் நிலுஷியிடம் போய்வருகிறாள். என் நடுப்பகுதி வராமலே போகலாம் என்று சேர்ஜன் மறுபடி சொன்னார். நான் பஞ்சைக் கீழே வைக்கவில்லை.

போன மாதம் வருடாந்தப் பரிசோதனை. நோய் திரும்பியிருக்கிறதா என்று இடது மார்பையும் மற்ற இடங்களையும் பார்ப்பார்கள். கிறிஸ்டி வானை இன்னொரு சாரதியிடம் கொடுத்துவிட்டு, சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு பூசைக்குப் போகும் கோலத்தில் வந்திருந்தார். டொக்டர் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் கிளியர், வருகிற வருசம் வாருங்கள் என்றார்.

வெளியே வந்தோம். கலியாணமான நாளிலிருந்து வீதியில் என் கையைக்கூடப் பிடித்திராத மனுசன், அந்த ஆஸ்பத்திரி நடையில், வரிசையாகக் கதிரைகளில் இருந்த அத்தனை பேருக்கும் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்தார். பின்னால் சக்கர நாற்காலி தள்ளிவந்த ஊழியர் விலகச் சொல்லிச் சிங்களத்தில் முணுமுணுத்தார். கிறிஸ்டி விலகவில்லை.

"கிறிஸ்டி, விடுங்கோ. உங்கட பொக்கட்டுக்குள்ள பேனை குத்துது."

"சொறி, சொறி" என்று பதறி விலகிப் பேனையை எடுத்தார். எடுத்தவர் அதைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"எந்தப் பக்கம் குத்தினது?"

"வலப்பக்கம்."

"ஓரத்திலயோ?"

"இல்ல. நடுவில."

அவர் பேனையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதைத் திரும்பப் பொக்கட்டுக்குள் செருகி, முன்னை விட இறுக்கிக் கட்டிப்பிடித்தார். இந்தமுறை வேண்டுமென்றே வலப்பக்கம் பார்த்து.

"நோகுதோ?"

"நல்லா நோகுது."

"எடுக்கட்டோ?"

"எடுத்தீங்களெண்டால் பாருங்கோ!"